நடுநிலைப் பள்ளியில் மொழிப்பாட நிலைகள்: ‘முதல்’ என்னும் சொல்லின் பொருள்மயக்கம்

இந்தியப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மொழிப்பாடங்கள் முதல் மொழி, இரண்டாம் மொழி, மூன்றாம் மொழி என நிலைப்படுத்தப்படுகின்றன. ‘முதல்’ என்பது இங்கு மூன்று பொருள்களில் வழங்குகிறது. குழந்தை முதலில் ஈட்டிய மொழி என்பது ஒன்று. பாடத்திட்ட வரிசையில் முன்னிற்பது மற்றொன்று. உயர்ந்த கடின அளவில் கற்பிக்கப்படுவது மூன்றாவது. கலைத்திட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்போர் இவற்றை வேறுபடுத்தாமல் ஒரே சொல்லால் பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது.

கர்நாடகத்தின் தென்கன்னட, உடுப்பி மாவட்டங்களில் இம்மயக்கத்தின் விளைவைத் தெளிவாகக் காணலாம். அங்குத் துளுவை வீட்டுமொழியாகக் கொண்ட குழந்தைகள் பலருக்குப் பள்ளியின் முதல் மொழி கன்னடம். 2010ஆம் ஆண்டளவில் துளு விருப்பப் பாடமாக ஏற்கப்பட்டது; ஆனால் அதற்குக் கிடைத்த இடம் மூன்றாம் மொழிக்குரியது. ஈட்டல் வரிசையும் பாட வரிசையும் இங்கு ஏறத்தாழத் தலைகீழாக நிற்கின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வில் முதல் மொழிக்கு 125 மதிப்பெண்ணும் ஏனைய பாடங்களுக்கு 100 மதிப்பெண்ணும் வழங்கப்பட்டு வந்தமையால், இவ்வரிசை வெறும் பெயரளவினதன்று என்பது விளங்கும்.

துளுவில் ‘இல்லு’ என்பது வீடு. கன்னடத்தில் வீட்டிற்கு ‘மனெ’ என்பது சொல். ‘இல்ல’ என்பதோ இன்மையைக் குறிக்கும். ‘வீட்டில்’ என்னும் பொருளில் துளு வடிவத்தைக் கன்னடக் கட்டுரையில் எழுதிவிடும் மாணவனின் பிழை தாய்மொழித் தாக்கத்தால் நேர்வது. அதனை அறியாத திருத்துநர் அவனை மெல்லக் கற்போன் எனக் கணித்துக் குறைநிலைப் பயிற்சிக்கு அனுப்பக்கூடும். இரண்டாம் மொழி கற்பித்தலுக்குரிய உதவி தேவைப்பட்ட இடத்தில், கீழ்வகுப்புப் பாடமே மீண்டும் தரப்படுகிறது. இது உதவியாகாது.

இன்னொரு சிக்கல், நடுநிலையில் தொடங்கும் துறைமொழியைப் பற்றியது. ஒளிச்சேர்க்கைக்குக் கன்னட நூல்கள் வழங்கும் ‘த்யுதிசம்ஸ்லேஷணெ’ என்னும் வடமொழிக் கூட்டுச்சொல் கன்னடக் குழந்தைக்கும் புதியதே. ஆயினும் அச்சொல்லை விளக்கும் வாக்கியங்கள் அக்குழந்தைக்குப் பழகியவை. துளுக் குழந்தைக்கு அவையும் கற்க வேண்டியவை. உரையாடல் திறனும் கல்விசார் மொழித்திறனும் வேறு என ஜிம் கம்மின்ஸ் 1979இல் வகுத்துக் காட்டியது இங்குப் பொருந்தும். விளையாட்டிடத்தில் கன்னடம் சரளமாகப் பேசும் துளுக் குழந்தைக்கு உதவி வேண்டியதில்லை என்று ஆசிரியர் கருதுவதும் இவ்வேறுபாட்டைக் காணாமையாலேயே.

ஒரே வகுப்பிற்கு இருநிலை நூல்கள் அமைப்பது புதிதன்று. 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தை ஒட்டி, நடுநிலை வகுப்புகளுக்கான இந்தி ‘வசந்த்’ எனவும், இரண்டாம் மொழியாகப் பயில்வோர்க்கு ‘தூர்வா’ எனவும் தனித்தனியே வெளிவந்தது. மாணவன் வயதிற்கேற்ற கருத்தைக் குறைக்காமல் மொழிச் சுமையை மட்டும் குறைப்பதே இத்தகைய நூலுக்குரிய இலக்கணம். அதுவே கடினமான பணியுமாகும்.

2023ஆம் ஆண்டுச் சட்டகம் முதல், இரண்டாம், மூன்றாம் என்னும் வழக்கை விடுத்து ஆர்1, ஆர்2, ஆர்3 என்னும் குறியீடுகளைக் கையாள்கிறது. பள்ளியில் முதன்முதல் எழுத்தறிவு பெறும் மொழி ஆர்1. மூன்றாவது, ஆறாம் வகுப்பில் தொடங்குவது. வரையறை எழுத்தறிவைச் சார்ந்திருப்பதால் ஈட்டல் வரிசையோடு குழப்பம் நேராது. இதனைத் தமிழில் மீண்டும் ‘முதல் மொழி’ எனப் பெயர்த்தால் நீக்கப்பட்ட மயக்கம் திரும்ப நுழையும். ‘முதல் எழுத்தறிவு மொழி’ என்பது சற்று நீண்டதாயினும் பொருந்தும். வீட்டுமொழியைக் குறிக்க வேறொரு சொல் அப்போது தனியே கிடைக்கும். சேர்க்கைப் படிவத்தில் அதற்கென ஒரு கட்டமும் இடலாம்.