கிணற்று நீரும் தூத்துக்குடி வழக்கும்

முத்துக்கும் உப்புக்கும் பெயர் பெற்ற தூத்துக்குடிக் கடலோரத்தில் நல்ல தண்ணீர் அரிய பொருள். அந்த நிலத்தடி நீரைக் கெடுத்தது யார் என்ற கேள்வி, ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை வழக்கில் கால் நூற்றாண்டுக்கு மேல் நீதிமன்றங்களில் இருந்தது. கிணற்றை நம்பி வாழும் விவசாயிகள் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் இதில் உண்டு.

வழக்கின் போக்கு

ஆலையை மூடும்படி 2010 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. ஆனால் ஆலையைச் சுற்றியுள்ள நீர், நிலம் ஆகியவற்றின் சீரமைப்புக்காக 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. 2018 மே மாதத்தில் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தனர். மே 28இல் ஆலையை மூட அரசு ஆணையிட்டது. அருகில் வேறு ஆலைகளும் உள்ளன, மாசு எங்களால் அல்ல என்று ஆலைத் தரப்பு வாதாடியது. உயர்நீதிமன்றம் 2020 ஆகஸ்டிலும் உச்சநீதிமன்றம் 2024 பிப்ரவரியிலும் ஆலைத் தரப்பின் கோரிக்கையை ஏற்கவில்லை.

கடல் உப்பா, கழிவா?

கடலோரக் கிணறு உவர்ப்பானால் அது ஆலைக் கழிவு என்று உடனே சொல்லிவிட முடியாது. அதிகம் இறைத்தால் கடல்நீரும் உள்ளே வரும். கடல்நீரில் சல்ஃபேட்டைப் போல் சுமார் 7 மடங்கு குளோரைடு உண்டு. கிணற்றில் சல்ஃபேட் இந்த விகிதத்தைவிட மிகுந்திருந்தால் வேறு காரணம் தேட வேண்டும். அது ஆலைக் கழிவாகவும் இருக்கலாம். மண்ணில் உள்ள ஜிப்சமாகவும் இருக்கலாம். ஆர்சனிக், ஈயம், காட்மியம் ஆகியவற்றையும் சேர்த்துச் சோதித்தால்தான் தெளிவு கிடைக்கும். குடிநீரில் லிட்டருக்கு ஆர்சனிக்கும் ஈயமும் தலா 0.01 மில்லிகிராமுக்கும், காட்மியம் 0.003 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது. நீரைக் காய்ச்சுவதால் இவை நீங்கா.

மாதிரி எடுக்கும் முறை

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட்டிய பிறகு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை கழுவி நிரப்ப வேண்டும். கிணறு, தேதி, ஆழம் ஆகியவற்றை எழுதி ஒட்டி, தாமதமின்றி ஆய்வுக்கூடத்தில் கொடுக்க வேண்டும். உலோகங்களைச் சோதிக்கும் மாதிரிக்கு அமிலம் சேர்த்த தனிப் பாட்டிலை ஆய்வுக்கூடத்திலேயே கேட்டுப் பெறுவது நல்லது. சாதாரணப் பாசன நீர்ச் சோதனையில் இந்த உலோகங்கள் தெரியா.

விவசாயி எடுக்கும் மாதிரி புகாருக்கு அடிப்படையாகும். ஆலைக் கழிவின் மாதிரியை, 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலரே எடுத்து முத்திரையிட வேண்டும். ஆண்டுதோறும் கோடையிலும் மழைக்குப் பின்னும் கிணற்று நீரைச் சோதித்து அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். முன்பு நீர் எப்படி இருந்தது என்பதற்கு அவையே சான்று.