சுவர் ஓதம்: செலவு யாருடையது?

வடகிழக்குப் பருவமழை தொடங்கி இரண்டு வாரம் போனால் போதும். சென்னையின் பல வாடகை வீடுகளில் பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்துவிடும், பெயிண்ட் கொப்புளம் விட்டு உரியும், கட்டிலடிப் பெட்டியைத் திறந்தால் பூஞ்சண வாடை அடிக்கும். வீட்டு உரிமையாளரிடம் சொன்னால் வழக்கமான பதில் வரும்: "ஜன்னலைத் திறந்து வைங்க, துணியை உள்ளே காயப்போடாதீங்க." சில வீடுகளில் அது உண்மையும்கூட. ஆனால் உண்மையா என்று பார்க்கும் முன்பே பழி வாடகைதாரர் தலையில் விழுந்துவிடுகிறது. ஓதம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் செலவு யாருடையது என்று பேச முடியும்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஈரமான இடத்தைத் துடைத்துவிட்டு, ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கம் நனைந்தால் அது காற்றின் ஈரம். காற்றோட்டமும் எக்ஸாஸ்ட் ஃபேனும் பீரோவைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி வைப்பதும் பெரும்பாலும் சரிசெய்துவிடும். சுவரைப் பார்த்த பக்கம் நனைந்தால் தண்ணீர் சுவருக்குள் இருக்கிறது. எப்போது, எந்த உயரத்தில் நனைகிறது என்பதையும் கவனியுங்கள். மழைக்கு மட்டும் நனைந்தால் மொட்டை மாடித் தட்டோடு, சன்ஷேட், வெளிச்சுவர் வெடிப்பு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். சித்திரை வெயிலிலும் காயாவிட்டால் மேல்வீட்டு பாத்ரூமோ சுவருக்குள் ஓடும் பைப்போ காரணமாக இருக்கும். தரையிலிருந்து இரண்டு, மூன்றடி வரை உப்புப் பூத்தால் அஸ்திவாரம் வழியாக ஏறும் ஈரம். அதன்மேல் எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் அடுத்த வருடம் உரியும்.

இது அழகு கெடும் பிரச்சினை மட்டுமல்ல. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் ஆஸ்துமாவும் மூச்சுக் கோளாறுகளும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதைவிட உடனடியான ஆபத்து ஸ்விட்ச் போர்டு. ஓதம் அதை எட்டியிருந்தால் அந்த லைனை மெயினில் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கு ட்ரிப் ஆகும் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பூஞ்சணத்தைத் தேய்க்கும்போது பிளீச்சிங் பவுடரோடு டாய்லெட் ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

இனி சட்டம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், நகரப் பகுதிகளில் எந்தப் பராமரிப்பு யார் பொறுப்பு என்று பட்டியலே போட்டிருக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, தேவைப்பட்டால் பைப் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளருக்கு. குழாய் வாஷர், ஸ்விட்ச், வாஷ்பேசின், அடைத்த சாக்கடை போன்றவை வாடகைதாரருக்கு. வாடகைதாரரே உண்டாக்கிய சேதம் அவர் கணக்கு. மேல்வீட்டிலிருந்து ஒழுகினாலும், பொது மொட்டை மாடி ஒழுகினாலும், மேல்வீட்டுக்காரரிடமும் அசோசியேஷனிடமும் பேச வேண்டியது உரிமையாளர். உங்களை அங்கே போய்ச் சண்டை போடச் சொல்வது நியாயமல்ல.

உரிமையாளர் ரிப்பேர் செய்ய மறுத்தால், வாடகைதாரரே செய்துகொண்டு செலவை வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. குடியிருக்கவே முடியாத நிலை என்றால், எழுத்தில் கேட்டும் செய்யாதபோது 15 நாள் நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யலாம். கோபத்தில் வாடகையை மொத்தமாக நிறுத்துவது மட்டும் வேண்டாம். இரண்டு மாத பாக்கி விழுந்தால் அதுவே உங்களைக் காலி செய்யச் சொல்லக் காரணமாகிவிடும்.

இந்த உரிமைகள் எல்லாம் ஆவணம் இருந்தால்தான் நிற்கும். வாடகை ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். பதிவாகாத ஒப்பந்தம் சாட்சியமாக எடுபடாது. முத்திரைத்தாளில் பதினோரு மாதத்துக்கு எழுதி மேஜையில் போட்டுவைக்கும் நம் பழக்கம் உங்களுக்குத்தான் பாதகம். குடிவரும் நாளிலேயே சுவர்களை வீடியோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவையுங்கள். ஓதம் கண்டதும் தேதி தெரியும் படங்களோடு வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள். அசையவில்லை என்றால் ஒப்புதல் சீட்டோடு தபாலில் கடிதம். கொத்தனாரோ பிளம்பரோ காரணத்தை எழுதித் தந்தால் இன்னும் பலம். அதன் பிறகும் பலனில்லை என்றால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். இந்தப் பொறுப்பில் இருப்பவர் துணை ஆட்சியர் நிலை அதிகாரி.

காலி செய்யும்போது "பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை" என்று அட்வான்ஸில் பிடிப்பது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒப்பந்தத்தில் நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, வெள்ளையடிப்பது உரிமையாளர் செலவு. மொட்டை மாடி ஒழுகிக் கெட்ட சுவருக்கு உங்களிடம் பிடிப்பது அநியாயம். உரிய பிடித்தம் போக அட்வான்ஸைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். ஆகவே கையெழுத்துப் போடும் முன், பெயிண்டிங் செலவு உங்களுடையது என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். முடிந்தால் வீட்டை ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள்.