பச்சைப் பொத்தானை அமுக்கினால் மட்டும் போதுமா?

“இதை ஒரு போட்டோஸ்டேட் எடுத்து வா!”

சொல்வது எளிது. எடுப்பவருக்கல்லவா தெரியும் சங்கடம்! இன்றைய அலுவலக இயந்திரம் நகல் மட்டுமா எடுக்கிறது? கணினியிலிருந்து அச்சடிக்கிறது; ஸ்கேன் செய்கிறது; சிலவற்றில் தொலைநகலும் அனுப்பலாம். இத்தனை வித்தையும் கற்றதாலோ என்னவோ, அதன் முகப்பில் ஏகப்பட்ட பொத்தான்கள். நடுவே ஒரு திரை. அதைத் தொட்டால் உள்ளே இன்னொரு திரை! புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் விழிக்கிறார். பின்னால் நிற்பவர், “இதுகூடத் தெரியாதா?” என்கிறார்.

குற்றம் யாருடையது? பள்ளிப் படிப்புக் குறைந்ததாலா இந்தத் தடுமாற்றம்? இல்லை என்பதற்குச் சுவையான சான்று ஒன்று உண்டு.

மேதைகளும் திணறினார்கள்

செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கர் 1938 அக்டோபர் 22-ல் நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் முதல் உலர்நகலை எடுத்துக் காட்டினார். அவருடைய முறையைக் கொண்டு 1959-ல் ஜெராக்ஸ் 914 அறிமுகமானது. ஏறக்குறைய 294 கிலோ எடையுள்ள ராட்சதன்! ஆனாலும் ஒரு சிறுமிகூட அதில் நகல் எடுக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். அன்று அதற்கு இருந்தது ஒரே வேலைதான்.

பிறகு இருபுறமும் நகல் எடுப்பது, சிறிதாக்குவது, பக்கங்களை அடுக்குவது என்று வேலைகள் கூடின. 1980-களின் தொடக்கத்தில் அதே நிறுவனத்தின் 8200 என்ற இயந்திரம் வந்தது. பச்சைப் பொத்தானை அமுக்கினால் போதும் என்றது விளம்பரம். வாங்கியவர்களோ, ‘சிக்கலாக இருக்கிறதே’ என்று குறைப்பட்டார்கள்.

நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த மானிடவியலாளர் லூசி சச்மன், மனிதர்கள் அந்த இயந்திரத்தோடு படும் பாட்டைப் படம் பிடித்தார். ஒரு படத்தில் இருவர், ஒரு கட்டுரையை இருபுறமும் நகலெடுக்க முடியாமல் திண்டாடுகிறார்கள். அவர்களில் ஒருவர் ஆலன் நியூவெல். கணினித் துறையின் மிக உயர்ந்த பரிசான டூரிங் விருதை 1975-ல் பெற்ற மேதை! அவரே திணறினார் என்றால் மற்றவர்கள் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சச்மன் சொன்ன உண்மை இதுதான்: மூடி திறந்திருக்கிறதா, எந்தப் பொத்தான் அமுக்கப்பட்டது என்பவை போன்ற சில செய்திகள் மட்டுமே இயந்திரத்துக்குத் தெரியும். எதிரே நிற்பவர் நினைப்பது என்ன, குழம்புவது எதனால் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே பொத்தானைப் பெரிதாக்கினால் மட்டும் வேலை எளிதாகிவிடாது.

நல்ல முகப்பு எப்படி இருக்கும்?

அன்றாட வேலைகள் முன்னால் இருக்கும். எப்போதாவது தேவைப்படுபவை ஒரு படி உள்ளே இருக்கும். தொடங்கும் பொத்தானும் நிறுத்தும் பொத்தானும் நிறத்திலும் இடத்திலும் தெளிவாக வேறுபடும்.

முன்னால் வந்தவர் ஐம்பது நகல் என்று வைத்துவிட்டுப் போயிருப்பார். அடுத்தவர் அறியாமல் அமுக்கினால் தாள் வீண்! சிறிது நேரம் யாரும் தொடாவிட்டால், தானாகவே ‘ஒரு நகல்’ என்ற நிலைக்குத் திரும்புவதே நல்ல இயந்திரம்.

தாள் சிக்கினால் வெறும் எண்ணைக் காட்டிப் பயமுறுத்தாமல், சிக்கிய இடத்தைப் படம் போட்டுக் காட்ட வேண்டும். உள்ளே நாம் தொட வேண்டிய கைப்பிடிகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தால், எதைத் திருப்புவது என்ற அச்சம் நீங்கும்.

இன்னோர் உதாரணம் நமக்கு மிகவும் பழக்கமானது. அடையாளக் கார்டின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் வேண்டும் என்று எத்தனை பாரங்கள் கேட்கின்றன! ஒரு பக்கத்தை எடுத்து, அதே தாளைத் திருப்பி வைத்து, அது தலைகீழாக வந்து… அப்பப்பா! இப்போது பல இயந்திரங்களில் இதற்கென்றே தனிப் பொத்தான் உண்டு. முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். இரண்டும் ஒரே தாளில்! மனிதர் செய்யும் வேலையைப் பார்த்து அமைத்த பொத்தான் இது. எளிமை என்பது இதுதான்.

வாங்குமுன் ஒரு சோதனை

உங்கள் பள்ளிக்கோ, சங்கத்துக்கோ, கடைக்கோ இயந்திரம் வாங்கப் போகிறீர்களா? விற்பவர் செய்து காட்டுவதை மட்டும் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அவர் நன்றாகப் பழகியவர்! அதை ஒருமுறைகூடத் தொடாத ஒருவரை அழைத்து, ஓர் அடையாளக் கார்டைக் கொடுத்து, “நகல் எடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். அவர் கை எங்கே தயங்குகிறதோ, அங்கேதான் இயந்திரத்தின் குறை இருக்கிறது.

மனிதனுக்காகத்தான் இயந்திரம். அதன் முன் நிற்பவர் தலைகுனிய வேண்டிய அவசியமே இல்லை!