புது ஐமேக் வரட்டும்னு காத்திருக்கலாமா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, ஆவடியில் வீடு, ஐமேக் மேல ஆசை. "அடுத்த மாடல் வரப்போகுதாமே, இப்ப வாங்கலாமா?" இதுதானே உங்க கேள்வி?

பழைய கணக்கைப் பாருங்க. 2021-ல் எம்1, 2023 அக்டோபரில் எம்3, 2024 அக்டோபரில் எம்4. நடுவுல எம்2 ஐமேக் வரவே இல்லை. அதனால வதந்தியை நம்பி தேதி குறிக்காதீங்க.

எம்3, எம்4 ரெண்டுமே இங்கே ₹1,34,900-ல்தான் ஆரம்பிச்சுது. ஆனா அடிப்படை ரேம் 8 ஜிபியிலிருந்து 16 ஆச்சு. காத்திருந்தவங்களுக்கு விலை குறையல, பொருள்தான் கூடுச்சு.

இந்த மெஷினால இன்னைக்கே வருமானம் வருமா? வாங்கிடுங்க. வெறும் ஆசைதானா? கிரெடிட் கார்டு நோ காஸ்ட் இஎம்ஐ-லயும் வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. அதுக்குப் பதிலா மாசம் ₹11,250 ஆர்.டி. போடுங்க. 12 மாசத்தில் ₹1,35,000, வட்டி தனி. புது மாடல் வராட்டியும் காசு உங்ககிட்டதான் இருக்கும்.