ட்ரிபிள் நெகட்டிவ் எல்லாம் ஒன்றல்ல

பயாப்ஸி அறிக்கையில் "ட்ரிபிள் நெகட்டிவ்" என்று வந்துவிட்டால் வீடே இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறது. மார்பகப் புற்றுநோய்களிலேயே கொடியது என்று யாரோ சொன்னது மட்டும் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன்களுக்கான ஏற்பிகள் அந்தக் கட்டியில் இல்லை, ஹெர்-2 புரதமும் மிகையாக இல்லை என்பதற்கு மேல் அந்த அறிக்கை எதுவும் சொல்லவில்லை. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பல நோய்கள் இந்த ஒரே தலைப்பின்கீழ் வருகின்றன. அவற்றைப் பிரித்தறிய மரபணுப் பிறழ்வுகளையும் பார்க்க வேண்டும்.

சுரப்புவகைப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். 1966இல் சிறுவர்களிடம் கண்டு விவரிக்கப்பட்ட இது பெரியவர்களுக்கும் வருவது பிறகு தெரிந்தது. 1000 மார்பகப் புற்றுநோய்களில் இரண்டுகூட இந்த வகையாக இருக்காது. 2002இல் வன்கூவரில் போல் சோரன்சனின் ஆய்வுக்குழு இதன் வேரைக் கண்டுபிடித்தது. 12ஆம், 15ஆம் குரோமோசோம்கள் உடைந்து, துண்டுகள் இடம்மாறி ஒட்டிக்கொள்வதால், ஈடிவி6, என்டிஆர்கே3 என்ற இரு மரபணுக்கள் ஒன்றாக இணைந்துவிடுகின்றன. அந்த இணைப்பில் உருவாகும் புரதம் கலத்தை ஓயாமல் பெருகச் செய்கிறது. இதுவும் பெரும்பாலும் ட்ரிபிள் நெகட்டிவ்தான். ஆனால் மெதுவாக வளர்வது, பெரும்பாலோர் நலமடைகிறார்கள். அரிதாகப் பரவிவிட்டால், அந்த இணைப்பையே குறிவைக்கும் லாரோட்ரெக்டினிப் என்ற மருந்து இருக்கிறது. 2019இல் கனடா சுகாதாரத் துறை அதற்கு நிபந்தனையுடன் அனுமதி அளித்தது. கட்டி எந்த உறுப்பில் தோன்றியது என்று பாராமல், எந்தப் பிறழ்வால் தோன்றியது என்று பார்த்துக் கொடுக்கும் மருந்து அது.

எம்ஒய்பி, என்எஃப்ஐபி மரபணுக்கள் இணைவதால் வரும் அடினாய்டு சிஸ்டிக் வகையும் இப்படிப் பெரும்பாலும் சாதுவானது. மெட்டாபிளாஸ்டிக் வகை இதற்கு நேர் எதிர்: டிபி53, பிஐகே3சிஏ மரபணுக்களில் பிறழ்வுகள் மிகுந்தது, வேகமாகப் பரவுவது, கீமோவுக்கு எளிதில் மசியாதது. மூன்றையும் ஒரே தலைப்பில் எழுதிவிட்டு நிறுத்தினால் நோயாளிக்கு நியாயம் செய்ததாகாது.

மேலே சொன்ன பிறழ்வுகள் பெரும்பாலும் வாழ்நாளில் அந்தக் கட்டிக்குள் மட்டும் உண்டானவை. பிள்ளைகளுக்குப் போவதில்லை. பெற்றோரிடமிருந்து வரும் பிறழ்வுகள் காரணமாக இருப்பது 100 மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 வரைதான். அவற்றுள் முதன்மையானவை பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2. இவற்றில் ஒன்றில் பிறழ்வுள்ள பெண்களில் 80 வயதுக்குள் 100 பேரில் சுமார் 70 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது. பிஆர்சிஏ1 வழி வருபவை பெரும்பாலும் ட்ரிபிள் நெகட்டிவ் ஆக இருக்கின்றன. சேதமடைந்த டிஎன்ஏயைச் செப்பனிட முடியாத அந்தக் கலங்களின் பலவீனத்தைப் பயன்படுத்தி அவற்றை அழிக்கும் ஓலபரிப் போன்ற மருந்துகளும் இப்போது வந்துவிட்டன.

பிஆர்சிஏ பரிசோதனைக்காக ஒன்ராறியோ மாகாணம் ஒரு சண்டையே போட்டிருக்கிறது. பிஆர்சிஏ மரபணுக்களுக்குக் காப்புரிமை வைத்திருந்த அமெரிக்காவின் மிரியட் நிறுவனம், இனிப் பரிசோதனையைத் தன்னிடமே செய்ய வேண்டும் என்று 2001இல் எச்சரித்தது. அது கேட்ட கட்டணம் 3,850 டொலர். உள்ளூர் வைத்தியசாலைகளிலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மாகாண அரசு பணியவில்லை; பரிசோதனை இங்கேயே தொடர்ந்தது. 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இயற்கையான டிஎன்ஏக்குக் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. இதே மாகாணத்தில், ரொறன்ரோ விமன்ஸ் காலேஜ் வைத்தியசாலையில் ஆய்வாளர் ஸ்டீவன் நரோட் பல ஆண்டுகளாக, பாகிஸ்தான், பஹாமாஸ் உட்படப் பல நாட்டுப் பெண்களிடம் இந்த மரபணுக்களை ஆராய்ந்து வருகிறார். பஹாமாஸில் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் சுமார் 23 வீதத்தினரிடம் மரபுவழிப் பிறழ்வு இருந்தது.

நம்மவருக்கும் இது தூரத்துச் செய்தியல்ல. யூதர்களிடம் அதிகம் காணப்படும் 185டெல்ஏஜி என்ற பிஆர்சிஏ1 பிறழ்வைச் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் ஆய்வு தமிழ்நாட்டுக் குடும்பங்களிலும் கண்டது. ஆனால் உலகின் மரபணுத் தரவுத்தொகுப்புகளில் ஐரோப்பியர்களே மிகுதி. அதனால் தெற்காசியர் ஒருவர் பரிசோதித்தால் "பொருள் இன்னும் தெளிவாகாத மாற்றம்" என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். அதைக் கண்டு கலங்க வேண்டாம். அத்தகைய மாற்றங்களில் பெரும்பாலானவை பின்னாளில் தீங்கற்றவை என்றே தெரிகின்றன. அந்தப் பதிலை மட்டும் வைத்து மார்பகத்தை அகற்றச் சம்மதிக்கவும் கூடாது.

எனக்கு மிகுந்த கவலை தருவது நம்முடைய மௌனம். பெண்ணுக்குக் கலியாணம் பேசும் நேரத்தில் சித்திக்குப் புற்றுநோய் வந்ததைச் சொல்லலாமா என்று மறைக்கிறோம். அம்மா வழியை மட்டும் கேட்டுவிட்டு அப்பா வழியை விட்டுவிடுகிறோம். பிறழ்வு தகப்பனிடமிருந்தும் சரிபாதி வாய்ப்புடன் வரும். அத்தைக்கு வந்த சூலகப் புற்றுநோயும் பெரியப்பாவுக்கு வந்த மார்பகப் புற்றுநோயும் வைத்தியர் அறிய வேண்டியவை. காப்புறுதியை நினைத்துத் தயங்குவோருக்கு ஒன்று: 2017இல் வந்த கனடியச் சட்டப்படி மரபணுப் பரிசோதனை முடிவைக் காட்டும்படி எந்த நிறுவனமும் கட்டாயப்படுத்த முடியாது. 2020இல் கனடிய உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டத்தை உறுதிசெய்தது.

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ இதை வாசிப்பவர்கள் அடுத்த முறை குடும்ப வைத்தியரிடம் போகும்போது இரு பக்கத்து உறவினரின் நோய்களையும், வந்த வயதையும் எழுதிக்கொண்டு போங்கள். ஆபத்து அதிகம் என்று தெரிந்தால், 30 முதல் 69 வயது வரையான பெண்களுக்கு ஆண்டுதோறும் மம்மோகிராமுடன் எம்ஆர்ஐ ஸ்கானும் செய்யும் ஒன்ராறியோத் திட்டம் 2011 முதல் நடக்கிறது. வைத்தியர்தான் அனுப்ப வேண்டும். ஏற்கெனவே நோய் வந்தவர்கள் தங்கள் கட்டி எந்த வகை, அதில் எந்த மரபணு பிறழ்ந்திருக்கிறது, அது பிள்ளைகளுக்கு வரக்கூடியதா என்ற மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.