முன்பாரம்: காரை டிரெய்லரில் இழுக்கும் கணக்கு

போன இலையுதிர் காலத்தில் ஒரு பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் வாங்கினேன். 1970-களின் வண்டி. விற்றவர் இருந்தது வெர்ஜீனியாவில், வித்வில் ஊர்ப்பக்கம். நான் இருப்பது வட கரோலினாவின் சார்லட்டில். 77-ஆம் எண் இன்டர்ஸ்டேட்டைப் பிடித்தால் சுமார் இரண்டு மணி நேரம்தான். பீட்டில் ஓடும், ஆனால் பிரேக்கை நம்ப முடியாது. அதனால் நண்பர் ஒருவரின் இரட்டை அச்சு டிரெய்லரை இரவல் வாங்கிக்கொண்டு, மனைவி, மகளோடு கிளம்பினேன்.

கணக்கெல்லாம் போட்டுவிட்டுத்தான் போனேன். என் எஸ்யூவி 5,000 பவுண்ட், அதாவது சுமார் 2,270 கிலோ இழுக்கும் என்று கையேட்டில் இருக்கு. பீட்டில் சுமார் 850 கிலோ, டிரெய்லர் 900 கிலோ, மொத்தம் 1,750. ஐந்நூறு கிலோ மிச்சம் இருக்கே, அப்புறம் என்ன?

ஃபேன்சி கேப் என்ற இடத்தில் ப்ளூ ரிட்ஜ் மலையிலிருந்து அந்த நெடுஞ்சாலை நீளமாக இறங்குது. மணிக்கு 65 மைல் வேகம். ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டிப் போனது. அது கிளப்பிய காற்றில் டிரெய்லர் லேசாக இடப்பக்கம் போய், திரும்பி வலப்பக்கம் வந்தது. நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிசாக ஆனது. நாலாவது ஆட்டத்தில் எஸ்யூவியின் பின்பக்கமே சேர்ந்து ஆடியது. பின் சீட்டில் இருந்த மகள், "அப்பா, கார் பின்னாடி டான்ஸ் ஆடுது"ன்னு சொன்னாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை.

டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரைப் பொருத்திக் கொடுத்தவர் சொன்னது ஒன்றுதான் அப்போது ஞாபகம் வந்தது: ஆட ஆரம்பித்தால் கால் பிரேக்கை மிதிக்காதே, கன்ட்ரோலரில் இருக்கும் கைப்பிடியை மட்டும் அழுத்து. ஆக்சிலரேட்டரை விட்டேன், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன், கைப்பிடியை அழுத்தினேன். டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் பிடித்து, பின்னாலிருந்து இழுத்து எங்களை நேராக்கின. அடுத்த எக்ஸிட்டில் இறங்கி நிறுத்திய பிறகும் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

அங்கே நின்றிருந்த வயதான லாரி டிரைவர் ஒருவர் வந்து பார்த்தார். இரண்டே கேள்வி கேட்டார். "இதுக்கு எஞ்சின் எங்க இருக்கு?" "பின்னாடி." "அப்போ ஏன் முன்னாடி பார்த்து ஏத்தியிருக்க?"

எவ்வளவு எடை என்று மட்டும் பார்த்தேன், அந்த எடை எங்கே இருக்கு என்று பார்க்கவே இல்லை. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முன்பாரம் என்றால் என்ன

நம்ம ஊரில் மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே அச்சு, இரண்டு சக்கரம். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். வண்டிக்காரர் கொஞ்சம் முன்னே நகர்ந்து உட்கார்ந்து சரிசெய்வார், அல்லது மூட்டையை மாற்றி அடுக்குவார்.

டிரெய்லரும் அதே நெம்புகோல்தான். அதன் மூக்கு, இழுக்கும் வண்டியின் ஹிட்ச் பந்தின் மேல் எவ்வளவு எடையை இறக்குகிறதோ, அதுதான் முன்பாரம். மாட்டு வண்டியில் அது குறைவாக இருந்தால் மாட்டுக்கு சுகம். டிரெய்லரில் அப்படி இல்லை. அமெரிக்காவில் பொதுவாகச் சொல்வது: ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15% வரை முன்பாரம் இருக்கணும்.

ஏன்? அம்பை நினைத்துக்கொள்ளுங்கள். முனை கனம், இறகு பின்னால். காற்று தள்ளினால் இறகு அதைத் திரும்ப நேராக்கும். டிரெய்லரில் அந்த இறகின் வேலையைச் செய்வது டயர்கள். எடையின் மையம் அச்சுக்கு முன்னால் இருந்தால், டயர் தரையைப் பிடிக்கும் விசை ஆட்டத்தை அடக்கும். மையம் அச்சுக்குப் பின்னால் போனால், பின்னால் இருக்கும் கனம் ஊசல் மாதிரி தன் வேகத்திலேயே தாண்டிப் போகும். வேகம் கூடக்கூட ஆட்டத்தை அடக்கும் திறன் குறையும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஆட்டம் தானாக அடங்காது, வளரும். அதனால்தான் 50 மைலில் சாதுவாக வந்த டிரெய்லர் 65-இல் பேயாட்டம் ஆடும்.

என் பீட்டிலின் கணக்கு

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டிரெய்லரில் ஹிட்ச் பந்திலிருந்து இரண்டு அச்சுக்கும் நடு வரை 4 மீட்டர். காலி டிரெய்லரின் முன்பாரம் 100 கிலோ. பீட்டிலின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.4 மீட்டர். எடையில் சுமார் 60% பின் சக்கரத்தில்.

விதி எளிது: காரின் எடையை, அதன் மையம் டிரெய்லர் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்த தூரத்தால் பெருக்கி, 4 மீட்டரால் வகுக்கணும். மையம் அச்சுக்கு முன்னால் என்றால் முன்பாரத்தோடு கூட்டணும், பின்னால் என்றால் கழிக்கணும்.

நான் ஏற்றியபடி பீட்டிலின் மையம் அச்சுக்கு 20 செ.மீ. பின்னால் இருந்தது. 850 × 0.2 ÷ 4 = சுமார் 42 கிலோ கழிவு. முன்பாரம் வெறும் 58 கிலோ. மொத்த எடையில் 3% சொச்சம்!

சக்கரங்கள் நிற்கும் இடத்தை மாற்றாமல் காரை மட்டும் திருப்பி, பின்பக்கம் முன்னால் வரும்படி ஏற்றினால் மையம் 48 செ.மீ. முன்னால் வரும். முன்பாரம் 160 கிலோ, அதாவது 9%. இன்னும் 20 செ.மீ. முன்னால் தள்ளினால் 200 கிலோவுக்கு மேல், பதினொன்றரை சதவீதம். லாரி டிரைவர் சொன்னபடி அங்கேயே காரை இறக்கி, ரிவர்ஸில் ஏற்றி, கொஞ்சம் முன்னே தள்ளிக் கட்டினோம். பேப்பர், பேனா எதுவும் இல்லாமல் அவருக்குத் தெரிந்தது இதுதான். மிச்ச தூரம் டிரெய்லர் பின்னால் இருப்பதே தெரியவில்லை.

நான் காரைப் பின்னால் நிறுத்தினதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கொஞ்சம் முன்னே போனால் கார் கதவு டிரெய்லரின் மட்கார்டில் இடித்தது. கதவு திறக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு இறங்கினேன். நிறைய பேர் இப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு வசதியான இடம் வேற, கார் நிற்க வேண்டிய இடம் வேற. எஞ்சின் முன்னால் இருக்கும் சாதாரண கார்களை நேராக ஏற்றினால் போதும், ஆனால் இடத்தைப் பார்க்கணும். 1,500 கிலோ காரை இதே டிரெய்லரில் 30 செ.மீ. நகர்த்தினால் முன்பாரம் 110 கிலோவுக்கு மேல் மாறும்.

முன்பாரத்தை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும் மறுமுனையைக் குளியலறைத் தராசு மேலும் வையுங்கள். மூக்கை, செங்கலிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் பலகை மேல் இறக்குங்கள். பலகையின் எடையைக் கழித்துவிட்டு, தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் போதும். நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில் சில டாலருக்கு அச்சுவாரியாக எடை போட்டும் பார்க்கலாம்.

இழுக்கும் வண்டியைத் தேர்ந்தெடுப்பது

முன்பாரம் எங்கே போகுது? இழுக்கும் வண்டியின் முதுகில். எனவே அதுவும் அந்த வண்டி சுமக்கும் எடைதான். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை எடையைத் தாண்டக்கூடாது என்று. வண்டி வாங்கும்போது விளம்பரத்தில் இருக்கும் இழுவை எண்ணைப் பார்க்கிறோம், இதைப் பார்ப்பதில்லை.

ஒரு எஸ்யூவியின் ஸ்டிக்கர் 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் 350 கிலோ, சாமான் 80. மிச்சம் 170. முன்பாரம் 12% என்றால் 170 கிலோவுக்கு ஈடான டிரெய்லர் 1,400 கிலோதான். கையேடு 2,270 என்று சொல்லும், ஸ்டிக்கர் 1,400 என்று சொல்லும். இரண்டில் சின்னதுதான் உண்மை. அமெரிக்காவில் இழுவை எண்ணைச் சோதிக்க எஸ்ஏஇ ஜே2807 என்று ஒரு தரநிலை உண்டு. அதில் வண்டிக்குள் இருப்பதாக எடுத்துக்கொள்வது ஆளுக்கு 150 பவுண்டில் இரண்டே பேரைத்தான். குடும்பத்தோடு போகிறவர் அந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது.

எஞ்சின் குதிரைசக்தியைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். என் அனுபவத்தில் அது கடைசியில் வரும் விஷயம். முன்-பின் அச்சுக்கு இடையே நீளம் அதிகமாகவும், பின் அச்சிலிருந்து ஹிட்ச் வரையான தூரம் குறைவாகவும் உள்ள வண்டியை டிரெய்லரால் எளிதில் அசைக்க முடியாது. கனமான வண்டி இன்னும் நல்லது.

எந்த டிரெய்லர்

முன் சக்கரங்களை மட்டும் தூக்கி வைக்கும் டாலி எடை குறைவு, நிறுத்தி வைக்க இடம் குறைவு. முன்சக்கர இழுவை கார்களுக்கு அது போதும். பின்சக்கர இழுவை, நாலு சக்கர இழுவை கார்களில் தரையில் உருளும் சக்கரம் கியர்பாக்ஸைச் சுழற்றிப் பாழாக்கிவிடலாம். அவற்றுக்கு நாலு சக்கரமும் மேலே ஏறும் டிரெய்லர்தான் சரி.

பிரேக் இல்லாத டிரெய்லரில் காரை ஏற்றவே வேண்டாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தாண்டினால் டிரெய்லருக்குத் தனி பிரேக் சட்டப்படியே கட்டாயம். வேகம் 55 மைலிலிருந்து 65 ஆனால் கூடுவது 18%தான், ஆனால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் 40% கூடுது. கலிஃபோர்னியாவில் எதையாவது இழுத்துப்போகும் வண்டிக்கு உச்ச வேகம் 55 மைல்தான். ஜெர்மனியில் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த மெதுவான வேகத்தில் ஐரோப்பியர்கள் நம்மைவிடக் குறைந்த முன்பாரத்தோடு ஓட்டுகிறார்கள். அதைப் பார்த்து 65 மைலில் போய்ச் செய்துபார்க்காதீர்கள்.

கிளம்பும் முன்

நான் இப்போது தவறாமல் பார்க்கும் வரிசை இது.

பந்தின் அளவும் கப்ளரின் அளவும் ஒன்றா? இரண்டும் எண் பொறித்தே வரும். சின்ன பந்து பெரிய கப்ளருக்குள் பொருந்தின மாதிரியே காட்டும், மேட்டில் கழன்றுவிடும். பூட்டிய பிறகு டிரெய்லரின் ஜாக்கைச் சுற்றுங்கள். எஸ்யூவியின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் நன்றாகப் பிடித்திருக்கு.

சங்கிலி இரண்டையும் மூக்குக்குக் கீழே குறுக்காக மாட்டணும். கப்ளர் கழன்றால் மூக்கு ரோட்டில் குத்தாமல் அவை தாங்கும். அவசர பிரேக் கம்பியைச் சங்கிலியோடு மாட்டாமல், வண்டியில் தனி இடத்தில் மாட்டணும்.

டிரெய்லர் மட்டமாக நிற்கணும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் ஹிட்ச் கம்பியை மாற்றிப் பந்தை இறக்குங்கள்.

டிரெய்லர் டயரில் காற்று குறைவாக இருக்கக்கூடாது. நெளியும் டயர் ஆட்டத்தை வளர்க்கும். பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதைப் பாருங்கள்.

காரை நாலு மூலையிலும் பட்டையால் கட்டி, கியரில் போட்டு, கை பிரேக்கைப் போடுங்கள். இருபது கிலோமீட்டர் போனதும் நிறுத்திப் பட்டைகளை மறுபடி இறுக்குங்கள். கட்டாயம் தளர்ந்திருக்கும்.

பிறகு முதல் தடவை ஆளில்லாத ரோட்டில் 40, 45, 50 என்று மெல்ல ஏற்றிப் பாருங்கள். எந்த வேகத்தில் ஆட ஆரம்பிக்கிறதோ, அங்கேயே நிறுத்தி காரை முன்னே நகர்த்துங்கள். "மெதுவாப் போனா சரியாயிடும்"னு விடாதீர்கள். இறக்கத்தில் வேகம் தானாகவே கூடும், லாரியும் தாண்டிப் போகும்.

பீட்டில் இப்போது கராஜில் இருக்கு. பிரேக்கைச் சரிசெய்துவிட்டேன், இனி அதை இழுக்க வேண்டாம். டிரெய்லரைத் திருப்பிக் கொடுக்கும்போது, தரை மேல் பெயின்டால் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தேன்: எஞ்சின் முன்னால் இருக்கும் காருக்கு ஒன்று, பின்னால் இருக்கும் காருக்கு ஒன்று, முன் சக்கரம் எங்கே நிற்கணும் என்று. அடுத்து இரவல் வாங்குகிறவர் கணக்குப் போடாவிட்டாலும் பரவாயில்லை, கோட்டைப் பார்த்து நிறுத்தினால் போதும்.