லினக்ஸ் காவலாளிக்கு ஒரு புதிய விதி

எஸ்.இ.லினக்ஸ் பாலிசி மாட்யூலை நாமே தயாரிப்பது எப்படி? எப்போது தயாரிக்கக் கூடாது?

உங்கள் கம்ப்யூட்டரில் பெடோரா லினக்ஸ் இன்ஸ்டால் செய்துவிட்டீர்கள். வீட்டு விசேஷத்தில் எடுத்த படங்களை வீட்டில் உள்ள அனைவரும் தங்கள் போனில் பார்க்கட்டும் என்று அப்பாச்சி வெப் சர்வரையும் அமைத்துவிட்டீர்கள். உங்கள் ஹோம் டைரக்டரியில் இருந்த படங்களை வெப் சர்வருக்குரிய டைரக்டரிக்கு மாற்றிய பின், பிரவுசரில் திறந்து பார்க்கிறீர்கள். "அனுமதி இல்லை" என்று செய்தி வருகிறது. பைல் பெர்மிஷன்களைச் சோதித்தால் எல்லாம் சரியாகவே உள்ளன.

தெரிந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "எஸ்.இ.லினக்ஸை நிறுத்திவிடு, சரியாகிவிடும்." நிறுத்தினால் படங்கள் தெரியும், உண்மைதான். ஆனால் ஒரு கதவு திறக்கவில்லை என்பதற்காக வீட்டுக் காவலாளியையே வேலையை விட்டு அனுப்பியது போல் ஆகும் அது. காவலாளியை வைத்துக் கொண்டே, அவரிடம் உள்ள விதிப் பட்டியலில் தேவையான ஒரு வரியை மட்டும் சேர்க்க வழி உள்ளது. அதுதான் பாலிசி மாட்யூல். அதனை எழுதிக் கம்பைல் செய்வது எப்படி என்று இங்கு பார்க்கலாம். எழுதவே தேவையில்லாத இடம் எது என்பதையும் அதற்கு முன் பார்த்துவிடலாம்.

கட்டளைகளை இங்கு ஒலிப்படி தமிழில் தந்துள்ளோம். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்திட வேண்டும்.

இரண்டாவது பூட்டு

லினக்ஸில் ஒவ்வொரு பைலுக்கும் உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று வகையினருக்கு அனுமதி தரலாம். இந்த அனுமதியை உரிமையாளரே மாற்றிக் கொள்ளலாம். இது முதல் பூட்டு. இதில் ஒரு குறை உண்டு. ஒரு புரோகிராமை நீங்கள் இயக்கினால், உங்களுக்கு உள்ள உரிமை எல்லாம் அந்த புரோகிராமுக்கும் கிடைத்துவிடும். ரூட் உரிமையுடன் இயங்கும் சர்வீஸ் ஒன்றில் பிழை இருந்து, வெளியாள் அதன் மூலம் உள்ளே வந்துவிட்டால் எல்லாமே அவர் கைக்குப் போய்விடும்.

எஸ்.இ.லினக்ஸ் இரண்டாவது பூட்டாகச் செயல்படுகிறது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கி, 2000 டிசம்பரில் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. 2003ல் லினக்ஸ் 2.6 கெர்னலில் இடம் பிடித்தது. பெடோரா, ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் போன்றவற்றில் இன்ஸ்டால் செய்தவுடனேயே இது இயங்கத் தொடங்கிவிடுகிறது. உபுண்டுவில் ஆப்ஆர்மர் என்ற வேறொரு முறை பயன்படுகிறது.

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக் கொள்ளுங்கள். சமையல்காரர் அடுக்களைக்கும் சாமான் அறைக்கும் போகலாம். நகை வைத்துள்ள மணமகள் அறைக்குப் போக அவருக்கு வேலையே இல்லை. அவர் நல்லவரா என்பதைக் காவலாளி ஆராய்வதில்லை. அவர் சட்டையில் உள்ள அடையாள அட்டையையும் அறைக் கதவில் உள்ள அட்டையையும் பார்ப்பார். இரண்டையும் சேர்த்துப் பட்டியலில் அனுமதி இருந்தால் உள்ளே விடுவார். இல்லாவிட்டால் விடமாட்டார். அவ்வளவுதான்.

எஸ்.இ.லினக்ஸிலும் இயங்கும் புரோகிராம்களுக்கும் பைல்களுக்கும் இப்படி ஓர் அட்டை உண்டு. இதனை லேபிள் என்கிறோம். அதில் நமக்கு முக்கியமானது டைப் என்னும் பகுதி. வெப் சர்வருக்கு ஒரு டைப், இணையப் பக்கங்களாகக் காட்டத்தக்க பைல்களுக்கு ஒரு டைப், உங்கள் ஹோம் டைரக்டரி பைல்களுக்கு இன்னொரு டைப். "எல்எஸ்" கட்டளையுடன் ஹைபன், பெரிய எழுத்து இசட் சேர்த்துக் கொடுத்தால் பைல்களின் லேபிளைப் பார்க்கலாம்.

முதல் பூட்டு அனுமதித்த பிறகே இரண்டாவது பூட்டிடம் கேட்கப்படும். பட்டியலில் "அனுமதி" என்று எழுதாத எதுவும் மறுக்கப்படும். பெடோராவில் உள்ள வழக்கமான பாலிசி, பின்னணியில் இயங்கும் சர்வீஸ்களையே இறுக்கமாகக் கட்டுப்படுத்துகிறது. நீங்கள் திறக்கும் பிரவுசர், ஆபீஸ் தொகுப்பு போன்றவற்றில் பெரும்பாலும் குறுக்கிடுவதில்லை.

ஒரே புத்தகம், பல பகுதிகள்

இந்தப் பட்டியலுக்குப் பெயர்தான் பாலிசி. தொடக்கத்தில் இது ஒரே பெரிய தொகுப்பாக இருந்தது. ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றாலும் முழு பாலிசியின் மூல பைல்களையும் கம்ப்யூட்டரில் வைத்துக் கொண்டு, திருத்தி, எல்லாவற்றையும் மீண்டும் கம்பைல் செய்திட வேண்டும். 2006 மார்ச்சில் வெளிவந்த பெடோரா கோர் 5ல் இந்த நிலை மாறியது. அடிப்படைப் பகுதி தனியாகவும், ஒவ்வொரு சர்வீஸுக்கான விதிகள் தனித்தனி மாட்யூலாகவும் பிரிக்கப்பட்டன.

பிரித்து வைத்தாலும் கெர்னலிடம் தரும்போது ஒன்றாகச் சேர்த்தாக வேண்டும். வாசலில் நிற்கும் காவலாளி நூற்றுக்கணக்கான துண்டுச் சீட்டுகளைப் புரட்டிக் கொண்டிருக்க முடியாது அல்லவா? எனவே எல்லா மாட்யூல்களும் இணைக்கப்பட்டு, ஒரே பைனரி பைலாக மாற்றப்பட்டு, கெர்னலில் ஏற்றப்படுகின்றன. கேட்ட கேள்விக்கான பதிலைக் கெர்னல் ஒரு கேச் நினைவகத்திலும் வைத்துக் கொள்கிறது. இதன் பெயர் ஆக்சஸ் வெக்டர் கேச், சுருக்கமாக ஏவிசி. மறுப்புச் செய்திகளில் "ஏவிசி: டினைடு" என்று வருவது இதனால்தான்.

மறுப்பைப் படியுங்கள்

மறுக்கப்பட்டவை ஆடிட் லாக் பைலில் பதிவாகின்றன. ரூட் உரிமையுடன் "ஆசர்ச்" கட்டளையை இயக்கி, ஏவிசி செய்திகளை மட்டும் கேட்டுப் பெறலாம். (இக்கட்டளையின் முதல் இரு எழுத்துகள் ஏ, யு. அடுத்து சர்ச் என்ற சொல்.) செய்தி நீளமாகத் தோன்றும். அதில் நான்கைக் கவனித்தால் போதும்: என்ன செய்ய முயன்றது, முயன்ற புரோகிராமின் டைப், பைலின் டைப், அது பைலா டைரக்டரியா என்ற வகை.

நம் படங்களின் கதையில், வெப் சர்வர் டைப் ஹோம் டைரக்டரி டைப் உள்ள பைலைப் படிக்க முயன்றதாகச் செய்தி இருக்கும். படங்கள் இப்போது வெப் சர்வர் டைரக்டரியில்தானே இருக்கின்றன? இங்கேதான் விஷயம் உள்ளது. "எம்வி" கட்டளை மூலம் பைலை நகர்த்தினால் பழைய லேபிளும் கூடவே வந்துவிடும். "சிபி" மூலம் காப்பி செய்தால், புதிய பைல் போய்ச் சேரும் டைரக்டரிக்கேற்ற லேபிளைப் பெறும். அறை மாறியும் கதவில் பழைய அட்டையே தொங்குகிறது. குற்றம் பட்டியலில் இல்லை, அட்டையில் உள்ளது.

மாட்யூல் தேவையா? மூன்று கேள்விகள்

1. லேபிள் சரியா? "ரெஸ்டோர்கான்" கட்டளையை அந்த டைரக்டரிக்கு, ஹைபன், பெரிய எழுத்து ஆர் சேர்த்து இயக்கினால் உரிய லேபிள்கள் மீண்டும் வந்துவிடும். நம் படங்களுக்கு இது ஒன்றே போதும். பைல்களை வழக்கத்திற்கு மாறான இடத்தில் வைத்திருந்தால், "எஸ்இமேனேஜ் எப்கான்டெக்ஸ்ட்" மூலம் அந்த இடத்திற்கான டைப்பைப் பதிவு செய்துவிட்டுப் பின் ரெஸ்டோர்கான் இயக்க வேண்டும்.

2. ஏற்கெனவே சுவிட்ச் உள்ளதா? பலருக்கும் தேவைப்படும் அனுமதிகளுக்குப் பாலிசியிலேயே ஆன்/ஆப் சுவிட்சுகள் உண்டு. பெயர் பூலியன். "கெட்எஸ்இபூல்" ஹைபன் ஏ கொடுத்தால் பட்டியல் கிடைக்கும். "செட்எஸ்இபூல்" மூலம் மாற்றலாம். ஹைபன், பெரிய எழுத்து பி சேர்த்தால் கம்ப்யூட்டரை மீண்டும் இயக்கிய பின்னும் மாற்றம் நிலைக்கும்.

3. அந்தப் புரோகிராம் இதைச் செய்யத்தான் வேண்டுமா? பிரிண்டர் சர்வீஸ் உங்கள் பாஸ்வேர்ட் பைலைத் திறக்க முயன்றால், அதற்கு வழி செய்து தரக் கூடாது. காவலாளி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

லேபிள் சரி, பூலியன் இல்லை, ஆனால் வேலை நியாயமானது என்றால் மாட்யூல் எழுதலாம்.

எழுதிக் கம்பைல் செய்வோம்

எடுத்துக்காட்டாக, புதிய பிரிண்டருக்கு ஒரு டிரைவர் இன்ஸ்டால் செய்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். பிரிண்டர் சர்வீஸான கப்ஸ், ஒரு பைலைப் படிக்க முடிகிறது. அதே பைலை மெமரியில் இணைத்துப் பயன்படுத்தும் "மேப்" செயல் மட்டும் மறுக்கப்படுகிறது. மைபிரிண்டர் என்ற பெயரில், டிஇ என்ற துணைப் பெயருடன் ஒரு டெக்ஸ்ட் பைல் உருவாக்கி இவ்வாறு எழுத வேண்டும்:

மாட்யூல் மைபிரிண்டர் 1.0;
ரெக்வயர் {
டைப் கப்ஸ்டி_டி;
டைப் யுஎஸ்ஆர்_டி;
கிளாஸ் பைல் மேப்;
}
அலோ கப்ஸ்டி_டி யுஎஸ்ஆர்_டி:பைல் மேப்;

முதல் வரி பெயரும் பதிப்பு எண்ணும். "ரெக்வயர்" பகுதி, இந்த டைப்கள் வேறு இடத்தில் ஏற்கெனவே வரையறுக்கப்பட்டுள்ளன, அவற்றையே பயன்படுத்துகிறேன் என்று சொல்கிறது. மாட்யூல்களை ஒன்றோடொன்று இணைக்கும் கொக்கி இதுதான். கடைசி வரியே உண்மையான விதி: யார், எதன் மேல், எந்த வகை, என்ன செயல்.

அடுத்து மூன்று படிகள்.

முதல் படி: "செக்மாட்யூல்" கட்டளை. பெரிய எம், சிறிய எம், ஓ ஆகிய மூன்று ஆப்ஷன்களும் தேவை. எழுத்துப் பிழை, விடுபட்ட அரைப்புள்ளி ஆகியவற்றை இது கண்டுபிடித்துச் சொல்லும். எல்லாம் சரியென்றால் எம்ஓடி என்ற துணைப் பெயருடன் பைனரி பைல் கிடைக்கும்.

இரண்டாம் படி: "எஸ்இமாட்யூல்_பேக்கேஜ்" கட்டளை. இது அந்த பைனரியைக் கட்டி, பிபி என்ற துணைப் பெயருள்ள பேக்கேஜாகத் தரும். எந்த டைரக்டரிக்கு எந்த லேபிள் என்ற குறிப்பும் இருந்தால், அதையும் இதே பேக்கேஜில் வைக்கலாம்.

மூன்றாம் படி: ரூட் உரிமையுடன் "எஸ்இமாட்யூல்" ஹைபன் ஐ, பின் பேக்கேஜின் பெயர். சிறிது நேரம் பிடிக்கும். ஒரு வரிதானே என்று நினைக்க வேண்டாம். முழு பாலிசியும் மீண்டும் இணைக்கப்பட்டுக் கெர்னலில் ஏற்றப்படுகிறது. ரெக்வயரில் கேட்ட டைப் உங்கள் சிஸ்டத்தில் இல்லை என்றால், பிழைச் செய்தி வந்து பழைய பாலிசியே அப்படியே தொடரும். எனவே பயப்படத் தேவையில்லை.

எஸ்இமாட்யூல் ஹைபன் எல் கொடுத்தால் பட்டியலில் உங்கள் மாட்யூலின் பெயரைக் காணலாம். ஹைபன் ஆர் கொடுத்து அதன் பெயரை எழுதினால் நீக்கிவிடலாம்.

பெயர் வைக்கும்போது ஓர் எச்சரிக்கை. சிஸ்டத்துடன் வந்த மாட்யூல்களின் முன்னுரிமை எண் 100. நாம் சேர்ப்பவற்றுக்கு 400. எண் பெரிதாக உள்ளதே செல்லும். எனவே வெறுமனே "கப்ஸ்" என்று பெயர் வைத்தால், அதே பெயரில் ஏற்கெனவே உள்ள மாட்யூலின் இடத்தை உங்களுடையது பிடித்துக் கொள்ளும். உங்களுக்கே உரிய பெயராக வையுங்கள்.

குறுக்கு வழியில் உள்ள குழி

இவ்வளவு எழுத வேண்டாம், "ஆடிட்2அலோ" என்ற கட்டளை லாக் பைலைப் படித்து விதிகளைத் தானே எழுதி, கம்பைலும் செய்து தரும். வசதியான கருவிதான். ஆனால் அது காவலாளி மறுத்த எல்லாவற்றுக்கும் அனுமதிச் சீட்டு எழுதிவிடும். மறுக்கப்பட்டவர்களில் திருட வந்தவன் இருந்தால் அவனுக்கும் சேர்த்துத்தான்.

நம் படங்களுக்கே இதைப் பயன்படுத்தியிருந்தால் என்ன ஆகும்? "வெப் சர்வர், ஹோம் டைரக்டரி டைப் உள்ள பைல்களைப் படிக்கலாம்" என்று விதி வந்திருக்கும். விதி டைப்புக்குத்தான், உங்கள் பத்துப் படங்களுக்கு அல்ல. ஹோம் டைரக்டரியில் அந்த டைப்பில் உள்ள வங்கிக் கணக்கு விவரம், கடிதம் என அனைத்துக்கும் இரண்டாவது பூட்டு திறந்துவிடும். முதல் பூட்டு மட்டுமே மிச்சம். அட்டையை மாற்ற வேண்டிய இடத்தில் பட்டியலைத் திருத்தினால் வரும் விளைவு இது.

ஆகவே ஆடிட்2அலோவைப் பயன்படுத்தும் முன், சந்தேகத்திற்குரிய அந்த ஒரு மறுப்பை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். அது தரும் டிஇ பைலைத் திறந்து ஒவ்வொரு "அலோ" வரியையும் படியுங்கள். பூலியன் ஒன்றே போதும் என்றால் அதனையும் குறிப்பாக அதில் எழுதியிருக்கும். படித்துப் புரியாத வரி இருந்தால் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

நிறுத்த வேண்டி வந்தால்

எஸ்.இ.லினக்ஸ்தான் காரணமா என்று அறிய, "செட்என்போர்ஸ் 0" கொடுத்துச் சோதிக்கலாம். மறுப்புகள் பதிவாகும், ஆனால் தடுக்கப்படாது. சோதித்தவுடன் "செட்என்போர்ஸ் 1" கொடுத்துவிடுங்கள். ஒரு சர்வீஸை மட்டும் இப்படித் தளர்த்த "எஸ்இமேனேஜ் பெர்மிஸிவ்" உள்ளது. இதுவே இன்னும் நல்லது. முழுமையாக நிறுத்திவிட்டால் புதிய பைல்களுக்கு லேபிள் கிடைக்காது. பின்னர் மீண்டும் இயக்க நினைத்தால் டிஸ்க் முழுவதற்கும் லேபிள் இட வேண்டியிருக்கும்.

லினக்ஸ் கம்ப்யூட்டர் என்னிடம் இல்லையே என்பவர்களுக்கு ஒரு செய்தி. உங்கள் ஆண்ட்ராய்ட் போனிலும் இதே காவலாளிதான் நிற்கிறார். 2014ல் வந்த ஆண்ட்ராய்ட் 5.0 முதல் எஸ்.இ.லினக்ஸ் அங்கு முழுமையாகச் செயல்படுகிறது. 2017ல் வெளிவந்த 8.0 பதிப்பு முதல், ஆண்ட்ராய்டுக்கான விதிகளும் போனின் ஹார்ட்வேர் சார்ந்த விதிகளும் தனித்தனியே எழுதப்பட்டு இணைக்கப்படுகின்றன. போனில் நாம் வரி சேர்க்க முடியாது. கம்ப்யூட்டரில் முடியும். சேர்க்கும் முன் அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்: யார், எதன் மேல், என்ன செய்யலாம்? மூன்றுக்கும் பதில் சொல்ல முடிந்தால் எஸ்இமாட்யூலை இயக்குங்கள்.